குழி எங்கே, எத்தனை அடி: தோண்டுமுன் மனையைப் பாருங்கள்

சென்னையில் வீடு கட்டுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், மழைநீர்க் குழி எத்தனை அடி?" மனையைப் பார்க்காமல் என்னத்தைச் சொல்ல? 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சமயம், எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் தோண்டித் தள்ளியவர்களில் நானும் ஒருவன். கே.கே. நகரில் ஒரு வீடு. மூன்றடி ஆழம், உள்ளே ஜல்லி, மேலே மணல். அடியில் கெட்டிக் களிமண் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மழை விட்டுப் பத்து நாள் கழித்துப் போனால், தண்ணீர் அப்படியே நிற்கிறது, கொசுப்புழுவோடு. வீட்டுக்கார அம்மா காபி கொடுத்து உபசரித்துவிட்டு, குழியை மூடச் சொன்னார்.

இப்போதெல்லாம் கடப்பாரையோடுதான் ஆரம்பம். குழியின் அடிமட்டம் எங்கே வருமோ அந்த ஆழம் வரை தோண்டி, அங்கே ஓரடிச் சதுரத்தில் இன்னொரு சின்னப் பள்ளம் எடுங்கள். தண்ணீர் நிரப்பி, முழுதும் ஊறிய பின் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டுவையுங்கள். ஒரு மணி நேரத்தில் அரை அங்குலம்கூட இறங்கவில்லையா? அந்த மண்ணை நம்பாதீர்கள். களிமண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே மணல் தட்டும்வரை உறை, அதாவது கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் வளையங்கள், இறக்க வேண்டும்.

இதில் ஓர் ஏமாற்று உண்டு. தெருவை விட உயரமாக இருக்கட்டும் என்று பள்ளமான மனைகளில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். அதில் தண்ணீர் விட்டால் மடமடவென்று இறங்கும். இறங்கி எங்கே போகிறது? பழைய தரையைத் தொட்டதும் பக்கவாட்டில் ஓடி, உங்கள் அஸ்திவாரத்தையோ அடுத்த வீட்டுத் தரையடித் தண்ணீர்த் தொட்டியையோ (சம்ப்) தேடிப் போகும். கொட்டிய மண்ணைத் தாண்டி, சொந்த மண் வரும்வரை தோண்டித்தான் சோதிக்க வேண்டும்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மணல். அங்கே கவலையே இல்லை, முற்றத்தைச் சிமென்ட் போட்டு மூடாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை சீக்கிரமே தட்டும். தாழ்வான இடங்களில் தொல்லை வேறு மாதிரி. மே மாதம் பதினைந்தடியில் கிடக்கும் ஊற்று, நவம்பரில் இரண்டு மூன்றடிக்கு ஏறிவிடும். நிறைந்த கிணற்றில் எதை ஊற்றுவது? பக்கத்து வீட்டுக் கிணற்றை ஐப்பசி, கார்த்திகையில் எட்டிப் பாருங்கள், எந்தக் கருவியும் வேண்டாம்.

கணக்கு எளிது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். மூன்றடி விட்டம், பதினைந்தடி ஆழ உறைக்கிணறு சுமார் 3,000 லிட்டர் கொள்ளும். ஐந்து சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தால் போதாது. ஆகவே மிஞ்சுவது வழிந்து போக மழைநீர் வடிகால் பக்கம் ஒரு குழாய் வையுங்கள். மறந்தும் பாதாளச் சாக்கடையில் இணைக்காதீர்கள், அடைமழையில் அது கழிவறை வழியாகவே திரும்பி வரும்.

குழி அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி. செப்டிக் டேங்க் இருந்தால் அதற்கு முடிந்த மட்டும் எதிர்க்கோடி. சின்ன மனையில் இந்த இரண்டையும் விட்டால் மிஞ்சும் இடம் ஒரு மூலைதான். கட்டட வேலை நடக்கும்போது அந்த மூலையில் கயிறு கட்டிவிடுங்கள். லாரி ஏறி இறுகிய மண்ணில் அப்புறம் தண்ணீர் இறங்காது. கலவை கழுவிய சிமென்ட் தண்ணீரும் அங்கே போகக்கூடாது.

மாடித் தண்ணீர் குழிக்குப் போகுமுன் மண்ணும் குப்பையும் தங்கும் வண்டல் தொட்டியைப் புரட்டாசியில் திறந்து அள்ள வேண்டும். போர்ச்சுக்கு டைல்ஸ் ஒட்டுபவர் அதன் மூடியையும் சேர்த்து ஒட்டிவிடுவார், மூன்று வீட்டில் பார்த்தாயிற்று. மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.