குறுக்குக் கோடு அசைகிறதா என்று பாருங்கள்

முப்பத்து நாலு வருடம் காணி அளந்தவன் நான். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் யாராவது படலையைத் திறந்து, "சேவையர் ஐயா, உள்ளுக்கு வாங்கோ" என்பார்கள். ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்துக் கோண்டாவிலில் ஒரு வேலிப் பிரச்சினை. என்னுடைய பழைய படத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டு இளம் சேவையர் ஒருவன் சொன்னான்: "ஐயா, கோவிக்காதேங்கோ. உங்கடை பிளானிலை வடக்கெல்லை ஒண்டேகால் அடி தள்ளிக் கிடக்கு."

"பறவாயில்லைத் தம்பி" என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஒன்றேகால் அடிக்காக நீதிமன்றம் ஏறிய அண்ணன் தம்பிமாரை நான் கண்டிருக்கிறேன். பங்குக் கிணற்றில் ஒருவர் வாளியை மற்றவர் தொடமாட்டார்கள். அவர்களுக்கெல்லாம் புத்தி சொன்ன ஆள் நான். அந்த இரண்டு நாளில்தான் விளங்கியது, என் வேலி காணியில் இல்லை, பெயரில் போட்டிருக்கிறேன் என்று. அதற்குப் பிறகு அந்த ஆணவத்தைக் கரைக்க எட்டு மாதமாகச் செய்து பார்த்ததில் எனக்கு உதவியதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் எதை விடப்போகிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும். ஆணவம் என்றால் திமிர் என்றுதான் ஊரில் விளங்கிக்கொள்கிறார்கள். சைவ சித்தாந்தம் சொல்லும் ஆணவம் அதைவிட ஆழமானது. செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டிக் கிடக்கும் இருள் அது. "நான் ஒண்டுக்கும் உதவாதவன்" என்று மூலையில் குந்தியிருப்பதிலும் அது இருக்கிறது. பதஞ்சலி இதற்குக் கிட்ட வரும் ஒன்றை அஸ்மிதை என்கிறார். யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் மனதை வாட்டும் ஐந்து கிலேசங்களை அடுக்கும்போது அறியாமைக்கு அடுத்ததாக வருவது இதுதான். ஆறாம் சூத்திரத்தில் விளக்கமும் கொடுக்கிறார்: பார்ப்பவனின் சக்தியும் பார்க்கும் கருவியின் சக்தியும் ஒன்றே போலத் தோன்றுவது அஸ்மிதை.

இந்த இடத்தில் எனக்கு, காணி அளக்கையில் கோணம் பார்க்கிற தியோடலைட் நினைவுக்கு வந்தது. அந்தக் கருவிக்குள் ஒரு குறுக்குக் கோடு தெரியும். அளக்க முன்னம் கண்ணை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். தூரத்துக் கம்பத்தின் மேல் அந்தக் கோடும் சேர்ந்து நகர்ந்தால் கருவி சரியாகக் குவியவில்லை, எடுக்கிற அளவு பிழைக்கும். சரியாகக் குவிந்திருந்தால் கண் அசைந்தாலும் கோடு அசையாது. யாராவது புகழும்போதும் ஏசும்போதும் நான் என்னிடம் கேட்கும் கேள்வி இதுதான்: கோடு அசையுதா? பெரும்பாலும் அசையுது. அசைந்ததைக் கண்டால் அன்றைய பயிற்சியில் பாதி முடிந்தது.

இனித் தியானத்தில் இருக்கிற முறை. விடிய ஐந்து மணிக்கு முன்னம், தேத்தண்ணிக்கும் முன்னம், விறாந்தையில் ஒரு போர்வையை நாலாக மடித்துப் போட்டு இருங்கள். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் கதிரையில் இருக்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. (நான் முதல் மாதம் வெட்கப்பட்டு நிலத்தில் இருந்து, எழும்பச் சுவரைப் பிடித்தேன். அதுவும் அஸ்மிதைதான்.) முதலில் பத்து நிமிடம் போதும். இரண்டு மாதத்தில் இருபதாக்குங்கள். கைத்தொலைபேசியில் நேரம் வைத்துவிட்டு அதைக் கவிழ்த்து வையுங்கள்.

மூக்கு நுனியில் காற்று போய் வருவதைக் கவனியுங்கள். நாலாவது மூச்சிலேயே நினைப்பு வந்துவிடும். வரட்டும். விரட்ட வெளிக்கிட்டால், விரட்டுகிற வீரன் என்று இன்னொரு "நான்" எழும்பும்.

இந்த இடத்தில் தமிழ் எங்களுக்கு ஒரு கைகொடுக்கிறது. "எனக்குக் கோவம் வருகுது" என்றுதான் சொல்கிறோம். பசியும் எனக்கு வருகுது, நித்திரையும் எனக்கு வருகுது. நான் பசி அல்ல, பசி எனக்கு வந்த விருந்தாளி. முதல் மூன்று கிழமைக்கு, எழும் ஒவ்வொரு நினைப்பையும் இப்படியே மனதுக்குள் சொல்லுங்கள்: "எனக்குக் கோவம் வருகுது. எனக்கு அந்தப் பிளான் நினைவு வருகுது." பிறகு "எனக்கு" என்பதை விட்டுவிடுங்கள்: "கோவம் வருகுது." இன்னும் கொஞ்ச நாளில் பெயரையும் விட்டு, "வருகுது" மட்டும். ஒரு சொல் குறையும்போது ஏற்படும் வித்தியாசத்தை நான் எழுதிக் காட்ட முடியாது, இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இதைத் தலைகீழாகவும் செய்யலாம். திருவண்ணாமலையில் ரமணர் காட்டிய வழி அது. நினைப்பு எழும்போது "இது யாருக்கு?" என்று கேட்டு, "எனக்கு" என்று பதில் வந்தால் "அந்த நான் யார்?" என்று உள்ளே போவது. எங்கள் நல்லூர்த் தேரடியிலும் இதே கேள்வி கேட்கப்பட்டது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியக் காப்பாளராக இருந்தவரைப் பார்த்து, "யாரடா நீ?" என்று அதட்டினார் செல்லப்பா சுவாமி. வேலையை விட்டுவிட்டுக் கொழும்புத்துறையில் வந்திருந்த அந்தக் காப்பாளரைத்தான் யோகர் சுவாமி என்று கும்பிடுகிறோம். என்னைப்போல ஒரு அரசாங்க உத்தியோகத்தர் என்பதில் எனக்கு ஒரு நப்பாசை. எனக்கு அந்தக் கேள்வி காலையில் தலையிடியைத்தான் தந்தது. "வருகுது" முறையோடு நின்றுகொண்டேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதைப் பிடியுங்கள், இரண்டையும் ஒரே கிழமையில் கலக்க வேண்டாம்.

கண்ணை மூடினால் சண்டைக்காலம் திரும்பி வருகிற ஆட்கள் எங்களுக்குள் நிறையப் பேர். உங்களுக்கு அப்படி நடந்தால் கண்ணைத் திறந்து, பாதத்தை நிலத்தில் ஊன்றி, முன்னால் நிற்கும் மரத்தைப் பாருங்கள். அன்றைக்கு அவ்வளவும் போதும். தொடர்ந்து வந்தால் மனநல வைத்தியரிடம் போங்கள். அடிக்கிற புருசனோடு இருக்கும் பிள்ளைக்கு "ஆணவத்தை விடு" என்று புத்தி சொல்வதும் பெரிய பிழை. அங்கே தேவை வேறு.

இருக்கையைவிட்டு எழும்பின பிறகுதான் கடினமான பகுதி. யோக சூத்திரத்தில் முதற்பாதத்தின் 33ஆம் சூத்திரம் சொல்கிறது: சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரிடம் மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் அலட்டிக்கொள்ளாமை. நட்பும் கருணையும் எனக்குச் சுலபமாக வந்தன. மற்றவனுடைய திறமையில் மகிழ்வதுதான் தொண்டையில் நின்றது. ஒவ்வொரு நாளும் ஒருதரம் வாய்விட்டுச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன்: "அந்தப் பெடியன்ரை அளவு சரி." மூன்று கிழமைக்கு அதற்குப் பின்னால் ஒரு "ஆனால்" வந்தது. ஆனால் அவனிடம் புதுக் கருவி இருக்கு. ஆனால் நான் அளந்த காலத்தில் வெறும் சங்கிலிதான். நீங்களும் யாரோ ஒருவரைப் பற்றி இப்படி ஒரு வசனம் சொல்லிப் பாருங்கள். "ஆனால்" வந்தால் தடுக்க வேண்டாம், எண்ணுங்கள். எனக்கு ஒரு நாள் எட்டு வந்தது.

ஒருவருக்கும் தெரியாமல் ஒரு வேலை செய்வதும் நல்ல மருந்து. பக்கத்துப் பிள்ளையார் கோயில் பின்வீதியை இருட்டோடு கூட்டத் தொடங்கினேன். நாலாம் நாள் ஐயர் வருகிற நேரம் பார்த்துத் தும்புத்தடியை மெதுவாக ஆட்டிக்கொண்டு நின்றேன். என்னையே பிடித்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த நாளிலிருந்து அரை மணித்தியாலம் முந்திப் போனேன்.

இரவில் ஒரு கொப்பியில் நாலு வரி எழுதுங்கள். நாங்கள் ஒரு காணியைச் சுற்றி அளந்தால் தொடங்கிய கல்லுக்கே திரும்பி வரவேண்டும். வந்து சேரும்போது கொஞ்சம் வித்தியாசம் விழும். ஒரு அங்குலமும் விழவில்லை என்று உதவியாள் சொன்னால், அவன் கணக்கைத் திருத்தியிருக்கிறான் என்றுதான் எடுப்போம். அதுபோல, "இன்றைக்கு ஒன்றும் இல்லை" என்று எழுதவந்தால் திரும்ப யோசியுங்கள். நான் தேடுவது ஒன்றைத்தான்: இன்று எந்த இடத்தில் கழுத்து இறுகியது? சந்தையிலா, மருமகனின் தொலைபேசியிலா? இடத்தையும் நேரத்தையும் எழுதினால் போதும். வியாக்கியானம் எழுத வெளிக்கிட்டால் அது எனக்கு நான் எழுதும் நற்சான்றிதழாகிவிடும், எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இருங்கள். செப்புக்குடத்தைப் புளி போட்டு எவ்வளவு மினுக்கினாலும் கிணற்றடியில் நாலு நாள் கிடந்தால் பச்சை பிடிக்கும். அதற்காகக் குடத்தை எறிகிறோமா?

போன கிழமை அந்தப் பெடியன் இன்னொரு பழைய படம் கேட்டு வீட்டுக்கு வந்தான். வடக்கெல்லைத் திருத்தத்தை அவனுக்கு முன்னால் என் பிரதியில் பென்சிலால் போட்டேன். கை நடுங்கவில்லை. பிளேன்ரீ குடித்துவிட்டு, "போட்டு வாறன் ஐயா" என்று சைக்கிளில் ஏறினான். வெறும் "ஐயா." "சேவையர் ஐயா" என்று சொல்லவில்லை. படலையைச் சாத்தும்போது அதைக் கவனித்தேன். அன்றிரவு கொப்பியில் அதைத்தான் எழுதினேன்: படலையடி, பின்னேரம் ஐந்தேகால்.