எழுத்துக்கு ஓய்வு கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஏப்ரல் முடிந்து மே பிறந்ததும் இங்கே சிங்கப்பூரில் தமிழில் எழுதுகிறவர்களில் பலர் ஒரே குறையைச் சொல்வார்கள்: "கை ஓடவே மாட்டேங்குது." ஏப்ரல் நமக்குத் தமிழ்மொழி விழா மாதம். சனி ஞாயிறு வந்தால் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள். ஒன்றில் நடுவராக உட்கார வேண்டும், இன்னொன்றில் கவிதை வாசிக்க வேண்டும், வேறொன்றுக்கு நாடகப் பிரதி திருத்தித் தர வேண்டும். பகலில் எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தால்தான் எழுத்து. அது நாளின் இரண்டாவது ஷிஃப்ட்.

பருவம் மாறாத ஊர் இது. வருடம் முழுக்கச் சூரியன் காலை ஏழு மணி சுமாருக்கு வருகிறது, மாலை ஏழு மணி சுமாருக்குப் போகிறது. அறுவடை முடிந்து வயல் சும்மா கிடக்கும் மாதம் என்று ஒன்று நமக்குக் கிடையாது. ஓய்வை நாமேதான் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். அதில்தான் தவறுகிறோம். கீழே சொல்வதில் பெரும்பகுதி நானே செய்து, ஒரு நாவலை இரண்டு வருடம் கிடப்பில் போட்ட பிறகு புரிந்துகொண்டது.

வற்றிய பிறகு நிறுத்துவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். இன்றைக்கு வருவதையெல்லாம் எழுதிவிட வேண்டும், நாளைக்கு வருமோ வராதோ என்ற பயத்தில், ஒரு சொல்கூட மிச்சமில்லாத நிலை வரும்வரை எழுதுகிறோம். பிறகு ஓய்வு என்ற பெயரில் படுக்கையில் விழுகிறோம். மறுநாள் திறந்தால் வெள்ளைத் திரைதான். எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரம், முந்தின நாள் எழுதிய மூன்று மணி நேரத்தைவிட அதிகமாக ஆளைக் களைப்பாக்கும்.

சென்ற வருடம் ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருந்தேன். தோ பாயோவில் ஓரறை வீட்டில் தனியாக வாழும் ஒரு தாத்தா. ஏழு வருடம் கழித்து மகள் பார்க்க வருகிறாள். "கதவைத் திறந்தவரின் கையில்" என்று தட்டியபோது மணி பதினொன்று. இன்னும் எழுதத் தெம்பிருந்தது. அடுத்த சொல்லும் தயாராக இருந்தது: ஊன்றுகோல். வேண்டுமென்றே அங்கேயே நிறுத்தினேன். முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை.

மறுநாள் காலை பேருந்தின் மேல்தட்டில் போய்க்கொண்டிருக்கும்போது, முன் இருக்கையில் ஒரு அங்கிள் பனி பூத்த கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். அவ்வளவுதான். தாத்தாவின் கையில் இருந்தது ஈரத்துணி என்று தெரிந்துவிட்டது. மகள் வருகிறாள் என்று விடிகாலையிலிருந்து முழங்கால் வலியோடு தரையைத் துடைத்திருக்கிறார். ஊன்றுகோல் என்று எழுதியிருந்தால் வாசகர் பாவம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஈரத்துணியில் அந்த ஏழு வருடமும் இருந்தது. அன்றிரவு பதினொன்றரை வரை எழுதித் தீர்த்திருந்தால் ஊன்றுகோலோடுதான் கதை அச்சேறியிருக்கும்.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. கிரகாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1926இல் படைப்புச் சிந்தனையை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: தேடிச் சேர்ப்பது, அடைகாப்பது, பளிச்சிடுவது, சரிபார்ப்பது. இரண்டாவதான அடைகாக்கும் கட்டத்தில் ஆள் வேறு வேலையில் இருப்பார், விஷயம் மட்டும் உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஆனால் அடைகாக்க ஒரு முட்டை வேண்டும். வற்றியபின் நிறுத்துகிறவர் வெறுங்கூட்டைத்தான் அடைகாக்கிறார். அடுத்த இரண்டு வரி என்னவென்று தெரிந்திருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். நினைவில் நிற்காது என்று பயமிருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வையுங்கள்.

சொற்களிலிருந்து எழுந்து சொற்களிடமே போவது

எழுதிக் களைத்ததும் கை தானாகக் கைப்பேசியை எடுக்கிறது. வாட்ஸ்அப் குழு, முகநூல், யாரோ எழுதிய நீண்ட விமர்சனம். கண் அதே தூரத்தில் அதே மாதிரி வெளிச்சத்தைப் பார்க்கிறது. மனத்தில் மொழியைக் கையாளும் இடம் எதுவோ, அது ஒரு நொடிகூட உட்காரவில்லை. இதை ஓய்வு என்று கணக்கில் எழுதுவதால்தான், "ஒரு மணி நேரம் ரெஸ்ட் எடுத்தேன், ஆனா இன்னும் அசதியா இருக்கு" என்கிறோம்.

பகலில் மொழிபெயர்ப்பாளராகவோ தமிழாசிரியராகவோ செய்தியாளராகவோ இருப்பவர்களுக்கு இது இரட்டைச் சுமை. நான் மொழிபெயர்ப்பாளர். எட்டு மணி நேரம் பிறருடைய வாக்கியங்களைத் தமிழில் நிமிர்த்திவிட்டு வந்து, இடைவேளைக்குப் புத்தகம் படித்தால் எனக்கு ஆறுதல் கிடைப்பதில்லை. வாசிப்பை உயிராக நினைக்கிறவள் இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் வெங்காயம் உரிப்பதும் துணி மடிப்பதும்தான் எனக்கு மருந்து.

நடை அதைவிட நல்லது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் மேரிலி ஒப்பெசோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருக்கும்போது வந்ததைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் சராசரியாக 60 விழுக்காடு அதிகமாக வந்தன. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அது நீடித்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நடை உதவவில்லை. கதை நகராமல் நின்றால் எழுந்து நடங்கள். பிழை திருத்தும் வேலை என்றால் நாற்காலியிலேயே இருங்கள்.

நடக்க இடமா இல்லை நமக்கு? பழைய மலாயா ரயில் 2011 ஜூன் 30 வரை ஓடிய தடம், இன்று 24 கிலோமீட்டர் பசுமை வழியாகக் கிடக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை இருக்கிறது. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் குரங்குகள் பழத்துக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் போய்விடும். அவ்வளவு தூரம் முடியாதென்றால் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக் கீழே இறங்கி மூன்று சுற்று போதும். காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் போங்கள், அது முக்கியம். ஒலிச்சித்திரமோ பேச்சோ கேட்டுக்கொண்டே நடந்தால், பேருந்தில் அந்த அங்கிள் கண்ணாடி துடைத்தது போன்ற ஒன்று உங்கள் கண்ணில் படவே படாது.

வருடாந்திர விடுப்பை எழுத்துக்கே கொடுத்துவிடுவது

இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் உழைப்பாளிகள்தான் இதைச் செய்கிறார்கள். இங்கே வேலைச் சட்டப்படி முதல் ஆண்டில் குறைந்தது 7 நாள் சம்பள விடுப்பு. எட்டாம் ஆண்டிலிருந்து 14 நாள். தீபாவளிக்கு ஊருக்குப் போக, பிள்ளையின் தேர்வுக்கு, அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக என்று எடுத்தது போக மிஞ்சுவது நான்கைந்து நாள். தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டிக்கு அனுப்ப வேண்டிய கதைக்காக அந்த நான்கைந்தையும் எடுத்து, காலை ஆறிலிருந்து இரவு வரை எழுதுகிறோம். திங்கட்கிழமை அலுவலகம் திரும்பும்போது, இரண்டு வேலையையும் ஓய்வில்லாமல் செய்த ஆளாகத் திரும்புகிறோம்.

விடுப்பில் எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐந்து நாள் எடுத்தால் நான்கில் எழுதுங்கள், கடைசி நாளைச் சும்மா விடுங்கள். அந்த நாளில் தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்குங்கள், மதியம் தூங்குங்கள்.

ஓய்வு நாளில் கோப்பைத் திறந்து பார்ப்பது

"ஒரு கமா மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுகிறேன்." இந்த வாக்கியத்தால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கின்றன! கோப்பைத் திறந்த நிமிடமே ஓய்வு முடிந்துவிட்டது. எழுதவும் இல்லை, ஓய்வெடுக்கவும் இல்லை, எரிச்சல் மட்டும் மிச்சம். குற்ற உணர்ச்சிதான் இங்கே நம்மைத் திறக்க வைக்கிறது. மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்களே, நான் மட்டும் சும்மா இருக்கிறேனே என்ற உறுத்தல். கதைக்களம் என்ற மாதாந்திரச் சிறுகதைக் கூட்டத்தில் இந்த மாதம் யார் கதை வந்தது, தமிழ் முரசு நாளிதழில் ஞாயிற்றுக்கிழமை யார் எழுதியிருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து வளர்கிற உறுத்தல் அது. ஓய்வு எடுக்கும் வாரத்தில் அதையும் பார்க்காமல் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

திரும்பும் தேதி இல்லாமல் போவது

"கொஞ்ச நாள் எழுத மாட்டேன்" என்று கிளம்புகிறவர்களில் பலர் திரும்புவதே இல்லை. என் நாவலுக்கு அதுதான் நடந்தது. கொஞ்ச நாள் என்பது இரண்டு வருடமானது. எழுதாத ஒவ்வொரு மாதமும் திரும்பிப் போவதைக் கடினமாக்கியது. கடைசியில் அந்தக் கோப்பின் பெயரைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது. இரண்டு வாரமோ இரண்டு மாதமோ, திரும்பும் நாளைக் குறித்துவிட்டு ஓய்வெடுங்கள். ஒரு நண்பரிடம் சொல்லியும் வையுங்கள். தேதி இருந்தால் இடையில் இருக்கும் நாட்களை உறுத்தலில்லாமல் அனுபவிக்கலாம்.

தப்பிப்பதை ஓய்வு என்று நினைத்துக்கொள்வது

இது நேரெதிர்த் தவறு. கதையில் கடினமான கட்டம் வரும்போது, இரண்டு பேர் பேச வேண்டிய உண்மையான பேச்சை எழுத வேண்டியிருக்கும்போது, திடீரென்று அசதி வரும். அடுப்படியைச் சுத்தம் செய்யத் தோன்றும். அது அசதி இல்லை, பயம். நான் வைத்திருக்கும் சோதனை சுலபமானது. கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம், மோசமாக வந்தாலும் பரவாயில்லை என்று அந்தக் கட்டத்தையே எழுதுவேன். பயம் என்றால் ஏழெட்டு நிமிடத்தில் விரல் சூடுபிடித்துவிடும். களைப்பு என்றால் பதினைந்தாவது நிமிடத்தில் முதல் நிமிடத்தைவிட மோசமாக இருக்கும். அப்போது மூடிவிட வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் ஓய்வால் சரிசெய்யப் பார்ப்பது

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை நோய் என்று வகைப்படுத்தாமல், நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்று வரையறுத்தது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலைமேல் கசப்பும் விலகலும் வருவது, எதைச் செய்தாலும் சரியாக வரவில்லை என்ற எண்ணம். எழுத்து பலருக்குச் சம்பள வேலை இல்லைதான், ஆனாலும் இந்த மூன்றும் நமக்கு நன்றாகவே பொருந்துகின்றன. இரண்டாவதைக் கவனியுங்கள். தமிழ்மேலேயே வெறுப்பு வருவதுபோல் இருந்தால் ஒரு வார இறுதி போதாது. ஒப்புக்கொண்ட வேலைகளில் சிலவற்றை வேண்டாமென்று சொல்லியே ஆக வேண்டும்.

வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், எழுத்து மட்டுமல்லாமல் எதிலுமே பிடிப்பில்லை என்றால் அது வேறு விஷயம். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள், அல்லது 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

திரும்பிய முதல் நாளிலேயே ஓடப் பார்ப்பது

குறித்த தேதி வந்ததும் விட்டதையெல்லாம் பிடிக்க வேண்டும் என்று ஒரே இரவில் இரண்டாயிரம் சொல் எழுத உட்காராதீர்கள். நாவலுக்குத் திரும்பியபோது நான் முதல் நாள் புதிதாக எதுவும் எழுதவில்லை. கடைசியாக எழுதியிருந்த பத்தியை ஒரு கோடு போட்ட நோட்டில் பேனாவால் பார்த்து எழுதினேன். இருபது நிமிடம் ஆனது. நான்காவது வரியில் ஒரு சொல் இடித்தது, அடித்துவிட்டு வேறொன்று போட்டேன். நோட்டை மூடிவிட்டுக் கீழே போய் ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்தேன். அடுத்த நாள் அந்த மாற்றிய சொல்லிலிருந்துதான் தொடங்கினேன்.