பைபாஸ் ஆபரேஷனுக்குச் சென்னை போகிறீர்களா? அதற்குப் பின் வரும் வாரங்களை முதலில் யோசியுங்கள்

வெளிநாட்டிலிருந்து இதய ஆபரேஷனுக்கு ஊருக்குப் போவது என்று முடிவானதும் வீட்டில் எல்லோரும் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எவ்வளவு செலவு என்று மட்டும்தான் பேசுவார்கள். இதய சர்ஜன் டாக்டர் கே.எம்.செரியன் 1975-இலேயே பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் பைபாஸ் செய்த ஊர் சென்னை. கிரீம்ஸ் ரோட்டில் அப்போலோ, முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன், போரூரில் ராமச்சந்திரா, கொஞ்சம் தள்ளிப் போனால் வேலூர் சிஎம்சி என்று நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷன் அன்றாடம் நடக்கும் இடங்கள் நிறைய. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆபரேஷன் அறைக்குள் நடப்பது அவர்கள் பொறுப்பு. அதற்கு முன்னும் பின்னும் நடப்பது நம் பொறுப்பு. என் மாமனாரைக் கூட்டிப்போய் வந்த பிறகு, கேட்பவர்களிடம் எல்லாம் அதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் இருக்கும் நாட்டு இதய மருத்துவரிடம் விமானத்தில் போகலாமா என்று கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறது என்றால் டிக்கெட் போடும் பேச்சே வேண்டாம். அங்கேயே வைத்தியம் பாருங்கள்.

போகலாம் என்றால், இதய ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டும் ஆஞ்சியோகிராம் படத்தின் சிடியை வாங்கி வையுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, சர்ஜன் அந்தப் படத்தையே பார்க்க வேண்டும். எக்கோ (இதய ஸ்கேன்), ரத்தப் பரிசோதனை, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவுக்கு முன்கூட்டியே அனுப்பினால், விசாவுக்கான கடிதம் தருவார்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தால் விசா தேவையில்லை. மற்றவர்கள் திட்டமிட்ட ஆபரேஷனுக்கு மருத்துவ விசாதான் எடுக்க வேண்டும், சுற்றுலா விசாவில் போகாதீர்கள். இணையத்தில் எடுக்கும் மருத்துவ விசா 60 நாட்களுக்குச் செல்லும். துணைக்கு இரண்டு பேர் வரை அதற்கென உள்ள விசாவில் வரலாம். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு இணைய விசா உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை, எப்போது என்பதை சர்ஜன்தான் சொல்ல வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை பேக்கேஜ் என்று ஒரு தொகை சொல்வார்கள். எத்தனை நாள் ஐசியு, எத்தனை நாள் வார்டு, எது அடங்காது என்று எழுதி வாங்குங்கள். இதய வால்வும் மாற்றுவதென்றால் வால்வின் விலை தனியா என்று கேளுங்கள். அறையின் வகை மாறினால் வாடகை மட்டும் இல்லை, மற்ற கட்டணங்களும் பல இடங்களில் கூடும். சாதாரணப் பயணக் காப்பீடு திட்டமிட்ட சிகிச்சைக்குப் பணம் தராது. ரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவரச் சொல்வதும் உண்டு. நம்மிடம் உறவுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை, இரண்டு மூன்று இளைஞர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

தங்கும் அறையில் லிஃப்டும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் கட்டாயம். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆபரேஷன் முடிந்து ஐசியுவில் பார்க்கும்போது மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். வாயில் குழாய், நெஞ்சிலிருந்து குழாய், முகம் கொஞ்சம் வீங்கியிருக்கும். சிலர் ராத்திரியில் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். வார்டுக்கு வந்ததும் மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து மூச்சை இழுக்கச் சொல்வார்கள். மாமனாருக்கு முதல் நாள் ஒரு பந்துகூட முழுதாக எழவில்லை. "ஊதிட்டேன்மா, போதும்" என்று மகளிடம் கெஞ்சுவார். ஊதுவதில்லை, உறிஞ்ச வேண்டும் என்று சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். நுரையீரல் விரிந்து சளி கட்டாமல் இருக்கத்தான் இது. விடாமல் செய்ய வையுங்கள். இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தலையணை காரிலும் கூட வரட்டும், நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களுக்கு அது அவசியம்.

நடுநெஞ்செலும்பை வெட்டி, கம்பியால் கட்டியிருப்பார்கள். அந்த எலும்பு ஒன்றுசேர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை கனமானது எதையும் தூக்கக்கூடாது, கையை ஊன்றி எழக்கூடாது. ஒருக்களித்து, காலைக் கீழே இறக்கி, மெல்ல உட்கார்ந்து எழ வேண்டும். பாசத்தோடு வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிடும் சொந்தக்காரர்களை வாசலிலேயே எச்சரித்துவிடுங்கள். பார்க்க வருகிறவர்களையும் குறைக்க வேண்டும். சளி, காய்ச்சலோடு யாரும் வரக்கூடாது. குடும்பத்தில் எல்லோரும் மதிக்கிற ஒரு பெரியவரைவிட்டுச் சொன்னால் யாருக்கும் வருத்தம் இருக்காது. குலதெய்வம் கோயில், நேர்த்திக்கடன் எல்லாம் எலும்பு கூடிய பிறகு அடுத்த பயணத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாக்கு ருசி போயிருக்கும், பசிக்காது, மலச்சிக்கல் வரும், காரணமில்லாமல் அழுகை வரும். இவை பலருக்கும் வருவதுதான். அழுகை நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அக்னி நட்சத்திரத்தையும் நவம்பர், டிசம்பர் மழையையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். 2015, 2023 டிசம்பர் மழையில் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது.

சிக்கல் இல்லாத பைபாஸுக்குப் பிறகு 10 முதல் 14 நாட்களில் விமானம் ஏறலாம் என்பது பிரிட்டன் விமானத் துறையின் பொதுவான வழிகாட்டல். கோலாலம்பூருக்கு அது போதுமானதாக இருக்கலாம். லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் அவ்வளவு அவசரம் வேண்டாம், நான்கு வாரமாவது இருந்துவிட்டுப் போங்கள் என்பேன். கடைசி முடிவு சர்ஜனுடையது. விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை அவரிடமே நிரப்பி வாங்கி, சக்கர நாற்காலியும் நடைபாதை ஓர இருக்கையும் கேட்டு வையுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த ரத்தக்குழாயை எதில் இணைத்தார்கள் என்ற விவரம் இருக்க வேண்டும். மாத்திரைகளின் கம்பெனிப் பெயர் வெளிநாட்டில் யாருக்கும் புரியாது, மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள். வால்வு வைத்திருந்தால் அதன் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், தாங்கள் இருக்கும் நாட்டுக்குத் திரும்பிய வாரமே ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும்) பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்க வேண்டும். கீரையை ஒரு நாள் கட்டுக்கட்டாகச் சாப்பிட்டு மறுநாள் அடியோடு விடுவது அவர்களுக்கு ஆகாது, அளவு ஒரே சீராக இருக்கட்டும். திரும்பியபின் அங்கே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், இந்தியாவில் படுக்கையில் இருந்ததைச் சொல்லுங்கள். மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள்.

காய்ச்சல், தையலில் கசிவு, மூச்சிரைப்பு, இருமும்போது நெஞ்செலும்பு 'டக்' என்று நகர்வது, திடீரென்று இரண்டு மூன்று கிலோ எடை கூடுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் சென்னை டாக்டருக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். நேரே பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், சம்மரியைக் கையோடு எடுத்துக்கொண்டு.