வாடெவிலை மீட்கக் கிளம்புகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

அமெரிக்காவில் எங்காவது 'வாடெவில் இரவு' என்று போஸ்டர் ஒட்டியிருந்தால், உள்ளே என்ன இருக்கும் என்று போகாமலே சொல்லிவிடலாம். உயரத் தொப்பி, முறுக்கு மீசை, கோடு போட்ட கோட்டு, சிவப்பு வெல்வெட் திரை. அலங்காரத்தில் குறை சொல்ல முடியாது. நிகழ்ச்சிதான் பாதியிலேயே படுத்துவிடும்.

1880கள் தொடங்கி 1930களின் ஆரம்பம் வரை அந்த நாட்டு ஊர்களையெல்லாம் கட்டிப்போட்ட பல்சுவை மேடைதான் வாடெவில். ஒரே டிக்கெட்டில் பாட்டு, நடனம், பந்து வித்தை, மேஜிக், குட்டி நாடகம், பழக்கிய விலங்குகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் கிடையாது. பூனைகளின் முதுகில் எலிகள் ஜாக்கி போலச் சவாரி செய்கிற ஐட்டம்கூட ஓடியது. மேஜிக்காரர் ஹூடினி, பிறகு சினிமாவில் சிரிக்கவைத்த மார்க்ஸ் சகோதரர்கள், பஸ்டர் கீட்டன் எல்லாரும் அங்கே அடிபட்டுத் தேறியவர்கள்தான்.

மீட்க நினைப்பவர்கள் இதைப் பழம்பொருளாகப் பார்க்கிறார்கள். கோளாறு அங்கேயே தொடங்குகிறது. வாடெவில் தன் காலத்தில் பழசை விற்றதே இல்லை. 1896இல் நியூயார்க்கில் எடிசன் பெயரில் வந்த படக்கருவியும் சரி, லூமியேர் சகோதரர்களின் கருவியும் சரி, பொதுமக்களுக்கு முதலில் படம் காட்டியது இந்தப் பல்சுவை அரங்குகளில்தான். தனக்கே உலை வைக்கப் போகிற சினிமாவைக்கூட, புதுசு என்பதற்காக ஓர் ஐட்டமாகச் சேர்த்துக்கொண்ட மேடை அது.

இதைவிடப் பெரிய ஓட்டை வரிசையில் இருக்கிறது. நல்ல கலைஞர்கள் பத்துப் பேரைப் பிடித்து, யார் தயாரோ அவரை மேடையேற்றினால் பல்சுவை ஆகிவிடாது. 1913இல் திறந்த நியூயார்க் பேலஸ் தியேட்டரில் ஒன்பது ஐட்டங்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. முதலில் பேச்சே இல்லாத வித்தை. ஏனென்றால் லேட்டாக வருகிறவர்கள் சீட் தேடி அடுத்தவர் காலை மிதித்துக்கொண்டு போகிற நேரம் அது. வசனம் யார் காதிலும் விழாது. இரண்டாவது, கூட்டத்தை உட்காரவைக்க ஒரு ஜோடிப் பாட்டு மாதிரி ஏதாவது. மூன்றாவது குட்டி நாடகம், நான்காவதில் அன்றைய முதல் பலத்த கைதட்டல். ஐந்தாவது ஒரு பெரிய பெயர். இடைவேளையில் வெளியே நிற்பவர்கள் அதைப் பற்றியே பேச வேண்டும். திரும்பி வந்ததும் சூட்டை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், எட்டாவதாகத்தான் நட்சத்திரம். ஒன்பதாவது மறுபடி கண்ணுக்கு மட்டுமான வித்தை. எழுந்து போகிறவர்கள் போகலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இன்று நட்சத்திரத்தைக் கடைசியில் வைத்து, அவர் பேசப் பேச நாற்காலிகள் காலியாவதைப் பார்க்கிறோம்.

இதற்குள் இன்னொரு சூட்சுமமும் உண்டு. முழு மேடை கேட்கிற ஐட்டத்துக்கு அடுத்து, திரைக்கு முன்னால் நின்றே செய்யக்கூடிய ஒன்று. ஒருவர் முன்னே ஜோக் அடிக்க, பின்னே செட் மாறிவிடும். இதைக் கணக்கில் எடுக்காமல் போட்ட நிகழ்ச்சியில்தான் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் மேசை நாற்காலி உருட்டுகிற சத்தம் கேட்கும். இவ்வளவு யோசித்தும் பேலஸில் திங்கள் மதியக் காட்சியைப் பார்த்துவிட்டு வரிசையைக் கலைத்துப் போடுவது உண்டு. இன்றைக்கு ஒத்திகையே ஒன்றோடு முடிந்துவிடுகிறது.

ஹாஜி அலி என்றொருவர் மேடையில் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பார், அதற்குமேல் மண்ணெண்ணெய் குடிப்பார். பிறகு மண்ணெண்ணெயைத் தீயில் உமிழ்ந்து கொழுந்துவிட வைத்து, தண்ணீரை உமிழ்ந்து அணைப்பார். எது முன்னே, எது பின்னே என்பதில்தான் மொத்த வித்தையும் நிற்கிறது (வீட்டில் முயல வேண்டாம்).

அப்புறம், தொகுப்பாளர். ஒவ்வோர் ஐட்டத்துக்கும் நடுவில் ஒருவர் வந்து ஐந்து நிமிடம் சொந்த ஜோக் சொன்னால் சூடு போய்விடும். வாடெவிலில் வெகுகாலம் அப்படி ஒருவர் கிடையாது. மேடை ஓரத்தில் பெயர் எழுதிய அட்டை, அதை மாற்ற ஒரு பையன், அவ்வளவுதான்.

பென்டிரைவ் இசையும் ஆகாது. குட்டிக்கரணம் போடுகிறவர் தரையைத் தொடும் அதே நொடியில் டிரம் அடி விழ வேண்டும். அவர் அரை நொடி தாமதித்தால் டிரம்மரும் தாமதிப்பார், பதிவுசெய்த இசை தாமதிக்காது. நாலு பேர் கொண்ட குழு வேண்டாம், ஒரு டிரம்மர் போதும். உடைக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை அவருக்குக் கொடுக்கலாம்.

வாடெவிலையும், உடை களையும் ஆட்டம் கலந்த பர்லெஸ்க்கையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. அரங்கு நடத்திய டோனி பாஸ்டர் 1881இல் நியூயார்க்கில் பெண்களும் குழந்தைகளும் வரும்படி சுத்தமான நிகழ்ச்சி போட்டதுதான் இந்தத் தொழிலுக்கே அடித்தளம். சியாட்டிலில் 2004 முதல் நடக்கும் மாய்ஸ்ச்சர் பெஸ்டிவல்காரர்கள் பல்சுவைக் காட்சிகளைத் தனியாகவும், வயதுவந்தோருக்கான பர்லெஸ்க் காட்சிகளைத் தனியாகவும் போடுகிறார்கள், வருகிறவர்களுக்கும் குழப்பமில்லை.

அதே சமயம் 'அசல்' என்ற பெயரில் அந்தக் கால ஜோக்குகளை அப்படியே எடுத்துப்போடுவதும் கூடாது. முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்தது அந்த மேடையின் அன்றாடச் சங்கதி. பெர்ட் வில்லியம்ஸ் என்ற மகா கலைஞர், தானே கறுப்பினத்தவராக இருந்தும், கரி பூசித்தான் மேடையேறினார். இதை வரலாறாகப் பேசலாம். சிரிப்புக்காகத் திரும்பச் செய்ய ஒன்றுமில்லை.

கடைசியாக, சரக்கு. ஊர் ஊராகப் போனதால் அன்று ஒருவர் பத்துப் பதினைந்து நிமிட ஐட்டம் ஒன்றை வைத்தே வருடக்கணக்கில் பிழைத்தார். ஸ்மித், டேல் ஜோடி ஒரே டாக்டர் காமெடியைப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. இன்று முழு வீடியோவையும் மறுநாளே இணையத்தில் ஏற்றிவிட்டு, அடுத்த மாதம் ஏன் கூட்டம் வரவில்லை என்று கேட்கிறார்கள். 1970களில் கிளம்பிய பிளையிங் கரமசோவ் பிரதர்ஸ் என்ற பந்து வித்தைக் குழு இதற்கு ஒரு வழி வைத்திருந்தது, ஒவ்வொரு முறையும் மாறுகிற ஐட்டம். பார்வையாளர்கள் வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவர வேண்டும். எடை ஓர் அவுன்ஸுக்கு மேல், பத்து பவுண்டுக்குள். கூட்டம் கைதட்டித் தேர்ந்தெடுக்கிற மூன்று பொருள்களை ஒருவர் அங்கேயே தூக்கிப்போட்டுப் பிடிக்க முயல்வார். மூன்று வாய்ப்பு. ஜெயித்தால் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள், தோற்றால் முகத்தில் கிரீம் அப்புவார்கள்.