பிரிட்டன் பள்ளியில் பிள்ளைக்கு இலவசப் பால்: விண்ணப்பிப்பது எப்படி?

என் மகளுக்கு ஐந்து வயது நிறைந்த வாரம். பள்ளி வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, எனக்கு மட்டும் இன்றைக்குப் பால் இல்லை." அதுவரை தினமும் காலை இடைவேளையில் ஒரு சின்னப் பெட்டிப் பால் குடித்து வந்தவள். ஏதோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

பள்ளி அலுவலகத்தில் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஐந்து வயதுக்குப் பிறகு பாலுக்குக் காசு கட்ட வேண்டும், அல்லது வருமான அடிப்படையில் இலவசப் பள்ளி உணவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். மதிய உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருந்ததால் விண்ணப்பம் என்ற ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் கணவருக்கு வேலை இல்லை. முழுத் தகுதி இருந்தும் பல வாரம் அவள் பாலில்லாமல் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்வது முக்கியமாக இங்கிலாந்துக்குப் பொருந்தும். வேல்ஸ், ஸ்காட்லாந்து பற்றி ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

படி 1: பிள்ளையின் வயதைப் பாருங்கள்

எல்லாம் ஐந்தாவது பிறந்தநாளில்தான் திரும்புகிறது. ஐந்து வயது நிறையாத பிள்ளை, பதிவுபெற்ற நர்சரியிலோ பள்ளியிலோ குழந்தைக் காப்பகத்திலோ ஒரு நாளில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால், அந்த நாளுக்கு 189 மில்லிலிட்டர் பால் இலவசம். பெற்றோரின் வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். 189 என்பது விசித்திரமான எண்ணாகத் தோன்றலாம். ஒரு பைன்ட் என்பது 568 மில்லிலிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குதான் இது. 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவசப் பால் கிடைத்த காலத்து அளவு இன்றும் மாறவில்லை. பிள்ளைகள்தான் குறைந்துபோனார்கள். 1968 இல் மேல்நிலைப் பள்ளிகளில் பாலை நிறுத்தினார்கள். 1971 இல், மார்கரெட் தாட்சர் கல்வி அமைச்சராக இருந்தபோது, ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நிறுத்தினார்கள்.

நர்சரியில் இருக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் பெரும்பாலும் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்லை. பாலை வாங்கிக் கொடுத்துவிட்டு அதன் செலவை அரசிடமிருந்து பெறுவது நர்சரியின் வேலை. ஆனால் இந்தத் திட்டத்தில் எல்லா நர்சரிகளும் சேர்ந்திருப்பதில்லை. "இங்கே பிள்ளைகளுக்கு இலவசப் பால் தருகிறீர்களா?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

ரிசப்ஷன் வகுப்பில் கணக்கு சற்று மாறும். நான்கு வயது நிறைந்த பிள்ளைகள் செப்டம்பரில் இந்த வகுப்பில் சேர்கிறார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் பிறந்த பிள்ளை, சேர்ந்த சில நாட்களிலேயே ஐந்தைத் தொட்டுவிடும். அதற்கு இலவசப் பால் கிட்டத்தட்ட இல்லை. ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கோ அந்த ஆண்டு முழுவதும் உண்டு. அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிறதே, நமக்கு ஏன் இல்லை என்று குழம்ப வேண்டாம்.

வேல்ஸில் நிலைமை நன்றாகவே இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் இரண்டாம் ஆண்டு வகுப்பு முடியும்வரை பால் இலவசம். ஸ்காட்லாந்தில் 2021 ஆகஸ்ட் முதல் தனித் திட்டம் நடக்கிறது. அங்கே பள்ளி செல்லும் வயதை எட்டாத பிள்ளைகளுக்குப் பாலோடு பழமோ காய்கறியோ சேர்த்துத் தருகிறார்கள்.

படி 2: பள்ளி அலுவலகத்தில் மூன்று கேள்விகள்

ஆசிரியரிடம் கேட்பதைவிட அலுவலகத்தில் கேட்பது நல்லது. பால் விவரம் அவர்கள் கையில்தான் இருக்கும். இந்த மூன்றையும் கேளுங்கள்:

- பள்ளியில் காலை இடைவேளைக்குப் பால் தருகிறார்களா?
- பாலை வழங்கும் நிறுவனத்தின் இணையதளத்தில் நான் பதிவு செய்ய வேண்டுமா, அல்லது பள்ளியே செய்துவிடுமா?
- ஐந்து வயதுக்குப் பிறகு இலவசமாகப் பெற, பள்ளி உணவுப் பதிவு மட்டும் போதுமா, பாலுக்கும் தனிப் படிவம் உண்டா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.

நேரில் ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு வரி போதும். எழுத்தில் வந்த பதில் பிறகு ஏதாவது சிக்கல் வந்தாலும் கைகொடுக்கும்.

படி 3: பாலுக்கான படிவம்

பல பள்ளிகள் வெளியார் நிறுவனம் ஒன்றின் வழியாகப் பால் வாங்குகின்றன. அந்த நிறுவனத்தின் தளத்தில் பள்ளியின் பெயரைத் தேடி, பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, உங்கள் மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுத்தால் பதிவு முடிந்தது. பத்து நிமிட வேலை. பிறந்த தேதியை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். இலவசம் எந்த நாளோடு முடிகிறது என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். பதிவு செய்த மறுநாளே பால் வந்துவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். வாரக் கணக்கில்தான் பால் வரவழைக்கிறார்கள் என்பதால் சில நாள் பொறுக்க வேண்டியிருக்கும்.

பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளையாக இருந்தால் படிவத்தோடு நிற்காமல் பள்ளிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இங்கிலாந்தின் நர்சரிப் பால் திட்டத்தில் பசும்பால் மட்டுமே உண்டு. சோயா, ஓட்ஸ் பால்களுக்கு அதில் இடமில்லை.

படி 4: ஐந்து வயதுக்குப் பிறகு

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் தவறவிடுவது இங்கேதான்.

இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் ரிசப்ஷன், முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். லண்டனில் 2023 செப்டம்பர் முதல் மேயரின் நிதியில் தொடக்கப் பள்ளி முழுவதற்கும் இலவசம். இதற்கு யாரும் வருமானம் கேட்பதில்லை. ஆனால் "வருமான அடிப்படையிலான இலவசப் பள்ளி உணவு" என்பது வேறு. அதற்கான பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமானால் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். தாங்களாகவே குடும்பங்களைக் கண்டறிந்து சேர்க்கும் கவுன்சில்கள் (உள்ளாட்சி அமைப்புகள்) சில உண்டு. உங்கள் கவுன்சில் அப்படிப்பட்டதா என்று தெரியாதவரை நீங்களே விண்ணப்பிப்பதுதான் பாதுகாப்பு. அந்தப் பட்டியலில் இருக்கும் பிள்ளைக்கு இடைவேளைப் பாலும் இலவசம். தட்டில் சோறு இலவசமாக வந்துவிடுவதால் படிவம் எதற்கு என்று விட்டுவிடுகிறோம். பால் கைநழுவிப் போகிறது.

பால் மட்டுமல்ல. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று பதிவானால் அந்தப் பிள்ளைக்காகப் பள்ளிக்கு அரசு தனி நிதி தருகிறது. கூடுதல் வாசிப்புப் பயிற்சி, உதவி ஆசிரியர், சுற்றுலாக் கட்டணச் சலுகை என்று பள்ளி அதைச் செலவிடும். ஆகவே பால் பிடிக்காத பிள்ளையாக இருந்தாலும் விண்ணப்பியுங்கள்.

யாருக்குத் தகுதி? வருமான ஆதரவு, வருமானத்தைப் பொறுத்த வேலை தேடுவோர் உதவித்தொகை, ஓய்வூதியக் கிரெடிட்டின் உத்தரவாதப் பகுதி போன்றவற்றைப் பெறுபவர்களுக்கு உண்டு. புகலிடம் கோரி 1999 ஆம் ஆண்டுக் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் கீழ் உதவி பெறும் குடும்பங்களுக்கும் உண்டு. நம்மில் பலர் பெறுவது யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை. அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள்: வேலையிலிருந்து கைக்கு வரும் வருமானம் ஆண்டுக்கு 7,400 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. உதவித்தொகையாக வரும் பணத்தை இதில் சேர்க்கமாட்டார்கள். 2026 செப்டம்பர் முதல் யூனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லாக் குடும்பங்களுக்கும் இலவசப் பள்ளி உணவு என்று அரசு 2025 ஜூனில் அறிவித்தது. முன்பு ஒரு முறை "தகுதியில்லை" என்று பதில் வந்திருந்தால் மீண்டும் விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பம் பெரும்பாலும் கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கும். அரசின் பொது இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் எந்தக் கவுன்சில் என்று காட்டும். கேட்பவை குறைவு: பெற்றோரில் ஒருவரின் குடும்பப் பெயர், பிறந்த தேதி, தேசியக் காப்பீட்டு எண், பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளி. புகலிடம் கோரியவர்கள் காப்பீட்டு எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் புகலிட உதவிக்கான பதிவு எண்ணைக் கொடுக்கலாம். பல இடங்களில் பதில் உடனே திரையில் வந்துவிடும்.

நம் பெயர்களால் வரும் சிக்கல்

எந்த வழிகாட்டியிலும் நான் பார்க்காத விஷயம் இது. நம் வீடுகளில் கணவருக்குக் குடும்பப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். மனைவிக்குக் கணவரின் பெயர், அல்லது தன் அப்பாவின் பெயர். பிள்ளைக்கு அப்பாவின் சொந்தப் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். கணினிக்கு இந்த உறவு புரியாது. அது செய்வதெல்லாம் நீங்கள் கொடுத்த குடும்பப் பெயர், பிறந்த தேதி, காப்பீட்டு எண் ஆகிய மூன்றும் அரசுப் பதிவோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான்.

அதனால் பிள்ளையின் குடும்பப் பெயரை உங்கள் பெயராகப் போடாதீர்கள். யூனிவர்சல் கிரெடிட் கணக்கைத் திறந்து அதில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதே எழுத்துகளில், அதே வரிசையில் கொடுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்து, முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். என் முதல் விண்ணப்பம் "பொருந்தவில்லை" என்று திரும்பியது. பெயரின் இரு பகுதிகளை இடம் மாற்றிப் போட்டதும் ஏற்கப்பட்டது. திரையில் வரும் மறுப்பை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், கவுன்சிலைத் தொலைபேசியில் அழைத்து எது பொருந்தவில்லை என்று கேளுங்கள்.

விசாவைப் பற்றிய பயம்

"இதை வாங்கினால் விசாவுக்குப் பிரச்சினை வருமா அக்கா?" என்று என்னிடம் கேட்ட தங்கைகள் பலர். வராது. "பொது நிதி பெறக் கூடாது" என்ற நிபந்தனையுள்ள விசா வைத்திருப்பவர்கள் பெறக் கூடாத உதவிகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. பள்ளி உணவும் பள்ளிப் பாலும் அந்தப் பட்டியலில் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் பாலுக்குக் குடிவரவு நிலை ஒரு பொருட்டே அல்ல. ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு, குடும்ப வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால் இந்த நிபந்தனை உள்ளவர்களும் இலவசப் பள்ளி உணவுக்கு விண்ணப்பிக்கலாம். இவர்களுக்குக் கணினிச் சோதனை உதவாது. சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும் காட்ட வேண்டியிருக்கும். பள்ளியிடம் நேரடியாகக் கேளுங்கள்.

வெட்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு இலவசப் பால் கேட்பது கையேந்துவது என்று என் மாமியார் வருந்தினார். இலவசமாகப் பெறும் பிள்ளை யார், காசு கட்டும் பிள்ளை யார் என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. எல்லார் கையிலும் அதே பெட்டி, அதே உறிஞ்சுகுழல்.

படி 5: ஒப்புதல் வந்த பிறகு

ஒப்புதல் மின்னஞ்சலைப் பள்ளி அலுவலகத்துக்கு அனுப்பி, பால் பட்டியலிலும் பெயர் மாறிவிட்டதா என்று கேளுங்கள். கவுன்சிலின் பதிவு வேறு, பால் நிறுவனத்தின் பதிவு வேறு. ஒன்று மாறினால் மற்றது தானாக மாறிவிடும் என்று நம்ப முடியாது. காசு கட்டுமாறு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தால் உடனே கட்டிவிடாமல் முதலில் பள்ளியிடம் பேசுங்கள்.

பிள்ளையின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறி வேறு கவுன்சில் எல்லைக்குப் போனாலோ, பள்ளி மாறினாலோ, இரண்டு பதிவுகளையும் புதிதாகச் செய்ய வேண்டும். அடுத்த பிள்ளை பள்ளிக்குப் போகும்போது அதன் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். அக்காவின் பெயர் பட்டியலில் இருப்பதால் தம்பிக்குப் பால் வந்துவிடாது.

ஒரு வாரம் கழித்துப் பிள்ளையிடமே கேளுங்கள். "இன்றைக்குப் பால் குடித்தாயா?" என்று நான் கேட்டபோது என் மகள் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினாள். வெள்ளைக் கோடு இன்னும் காயவில்லை.