இரைமீனுக்கு வீச்சுவலை வாங்கும்போது வலைக்கண்ணை அளந்து வாங்குங்கள்

போன வருடம் மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையில் என் முதல் வீச்சுவலையை இழுத்தபோது வயிறு பதறியது. பொடிமீன் பாதிக்கு மேல் வலைக்கண் வழியாகவே தப்பிவிட்டது. மிச்சம் இருந்ததெல்லாம் கண்ணுக்குள் தலையை நுழைத்து, செவுள் கிழிந்து செத்துக் கிடந்தது. தூண்டிலில் கோர்க்க உயிரோடு ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு வலையை நன்றாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

முதலில் நூலைப் பாருங்கள். தங்கூசி வலை, அதாவது முறுக்காத ஒற்றை இழை நைலோன் வலை, தண்ணீரில் தெரியாது, சட்டென்று தாழும் என்று ஆசை காட்டுவார்கள். வேண்டாம். நம் இலங்கையில் அது தடைசெய்யப்பட்டது. அறுந்து அடியில் கிடந்தாலும் யார் கண்ணிலும் படாமல் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். முறுக்கிய நைலோன் நூல் வலையே போதும்.

அடுத்தது கண். நான் தவறிய இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். வலைக்கண்ணை இரண்டு விதமாக அளப்பார்கள். ஒரு முடிச்சிலிருந்து பக்கத்து முடிச்சு வரை அளப்பது ஒன்று. கண்ணை இறுக்கி இழுத்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே அளப்பது மற்றது. ஒரே வலைக்கு இரண்டாவது அளவு முதலாவதைப் போல இரண்டு மடங்கு வரும். நான் இழுத்து அளந்த கணக்கை மனதில் வைத்து “முக்கால் அங்குலம்” என்று கேட்டேன். கடைக்காரர் முடிச்சுக்கு முடிச்சு முக்கால் அங்குலம் உள்ளதைக் கொடுத்தார். இழுத்தால் அது ஒன்றரை அங்குலம்! அவர் மேலும் பிழையில்லை. சரி, இனி அங்குலத்தை வாயால் கேட்க வேண்டாம். சட்டைப்பையில் ஓர் அடிமட்டம் கொண்டு போங்கள். விரல் நீளப் பொடிமீனுக்கு, கண்ணை இழுத்துப் பிடித்தால் 20 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் அளக்காமல் உச்சியில், நடுவில், விளிம்பில் என்று அளந்து பாருங்கள்.

அப்புறம் பாரம். கண் சிறுத்தால் வலை மெதுவாகத்தான் தாழும், அதற்குள் மீன் ஓடிவிடும். அதனால் பொடிக்கண் வலைக்கு ஈயம் கூடுதலாக வேண்டும். உச்சியிலிருந்து விளிம்பு வரை ஓர் அடிக்கு அரைக் கிலோ என்பது என் கணக்கு. ஆறடி வலை என்றால் மூன்று கிலோ. புதிதாகப் பழகுபவர்கள் ஆறடிக்கு மேல் போகவே வேண்டாம். ஈயக்குண்டுகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா, கயிற்றில் இறுகி நிற்கின்றனவா என்று விரலால் நகர்த்திப் பாருங்கள். இடைவெளி கூடிய இடத்தில் விளிம்பு தரையை விட்டுத் தூக்கும். மீன் அந்த வழியாகத்தான் போகும்.

விளிம்பை உள்பக்கமாக மடித்துக் கட்டிய மடியையும் மறக்காதீர்கள். ஒரு சாண் ஆழமாவது இருந்தால்தான் தூக்கும்போது மீன் அதற்குள் விழும்.

கடைசியாக, வலையை உச்சியில் பிடித்துத் தூக்கித் தொங்கவிடச் சொல்லுங்கள். நல்ல வலை பாவாடை போல மேலே ஒடுங்கி, கீழே மடிப்பு மடிப்பாக விரிந்து விழும். கீழே வர வரக் கண்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் கூட்டிப் பின்னியதன் அடையாளம் அது. குழாய் போல நேராகத் தொங்கினால் எவ்வளவு நன்றாக வீசினாலும் வட்டமாக விரியாது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீர்த்தேக்கங்களில் வளர்ப்புக்கென்று மீன்குஞ்சு விடுகிறார்கள். பொடிக்கண் வலை அதையும் அள்ளிவிடும். அந்த இடத்து மீனவர் சங்கத்தாரிடம் கேட்காமல் வலையை நனைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: இதை வாசித்த இரண்டு பேர், வலை நல்லதுதான், ஆனால் முதல் வீச்சிலேயே கிழிந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். நம் பக்கத்து நீர்த்தேக்கங்களின் அடி வெறும் மணல் இல்லை. மவுசாக்கலையில் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் கிடக்கிறது. வறட்சியில் பழைய கோயில் வெளியே தெரியும். தண்ணீர் வற்றும் காலத்தில் ஒருமுறை கரையோரமாக நடந்து, கல், கட்டை, இடிந்த சுவர் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மீறிச் சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். கயிற்றைத் தளரவிட்டு, கரையில் பத்தடி தள்ளிப் போய் வேறு பக்கமிருந்து மெதுவாக இழுங்கள். பெரும்பாலும் கழன்று வந்துவிடும்.