சோல் பிரிகிறதா? எட்டு ட்ரையலில் காரணத்தைப் பிடிக்கும் முறை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து ஷூ யூனிட்களில் சோல் பிரிகிற புகார் வந்தால் முதலில் ஹீட்டைக் கூட்டுவார்கள். அடங்காவிட்டால் பசையை மாற்றுவார்கள், அப்புறம் பிரஸ் அழுத்தத்தை ஏற்றுவார்கள். இப்படி ஒவ்வொன்றாக மாற்றினால், இரண்டு காரணங்கள் கூட்டுச் சேர்ந்து செய்கிற வேலை கண்ணில் படாது. பூசிக் காயவிட்டு, சூடாக்கி, பிரஸ்ஸில் அழுத்தி ஒட்டும் பாலியூரித்தேன் பசையில் சிக்கலே அந்தக் கூட்டில்தான்.

எதையும் மாற்றும் முன் பிரிந்த ஷூவைப் பாருங்கள். பசை முழுக்கச் சோலில் ஒட்டிக்கொண்டு அப்பர் (ஷூவின் மேல்பகுதித் தோல்) சுத்தமாக இருந்தால், ரஃபிங், அதாவது தோலைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவது, போதவில்லை. தோலின் ஃபினிஷ் (மேல்பூச்சு) மேலேயே பசை பூசியிருக்கிறார்கள். பசை அப்பரில் தங்கி சோல் பளபளவென்று இருந்தால், சோலில் பசைக்கு முன் பூசும் பிரைமரையோ அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசபசப்பையோ சந்தேகியுங்கள். இரு பக்கமும் பசை இருந்தும் பிரிந்தால், காய்ந்த பசைப் படலம் சூட்டில் இளகிச் சரியாக உயிர்பெறவில்லை, அல்லது பிரஸ்ஸுக்குப் போவதற்குள் ஆறிவிட்டது. தோல் நாரே கிழிந்து வந்தால் பசையைக் குறை சொல்ல முடியாது. ஐம்பது ஜோடியை இப்படி நான்காகப் பிரித்து எண்ணினாலே பாதி வேலை முடிந்தது. காரணங்களைக் கிளை கிளையாகக் காட்டும் மீன்முள் படம் வரைந்து சுவரில் ஒட்டுவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மூன்றாவது வகைதான் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று காரணிகளை எடுங்கள். ஹீட் சேம்பரிலிருந்து வெளிவரும்போது படலத்தின் சூடு: 55, 65 டிகிரி. வெளியே எடுத்ததிலிருந்து பிரஸ் அழுத்தும் வரை: 5, 20 நொடி. பசை பூசிய பின் காயவிடும் நேரம்: 10, 25 நிமிடம். இரண்டு × இரண்டு × இரண்டு, ஆக எட்டு ட்ரையல். ட்ரையலுக்கு மூன்று ஜோடி, மொத்தம் 24 ஜோடி கிழிபடும். தோல், சோல், ஹார்டனர் (பசையை இறுக வைக்கக் கலப்பது) அளவு எல்லாம் ஒரே லாட்டாக இருக்கட்டும். (காரணிகளை இப்படிச் சேர்த்து மாற்றிப் பார்ப்பது, 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் புள்ளியியலாளர் ஃபிஷர் பயிர்ச் சோதனைக்குச் செம்மைப்படுத்திய முறை. வயலுக்கு வந்தது ஷூவுக்கும் பொருந்துகிறது.)

சேம்பர் டயலை நம்பாதீர்கள். அது சேம்பருக்குள் சென்சார் இருக்கும் இடத்தின் சூட்டைத்தான் காட்டும். உங்களுக்கு வேண்டியது படலத்தின் சூடு. அதை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள். எட்டு ட்ரையலின் வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 55 டிகிரி எல்லாம் காலையிலும் 65 டிகிரி எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகும் செய்தால், ஹார்டனர் கலந்து நேரமான பசையின் கோளாறு சூட்டின் தலையில் விழும். ஒட்டிய உடனே இழுத்துப் பார்க்கவும் கூடாது. ஒரு நாளாவது விட்டு இழுவிசை பாருங்கள்.

கணக்கு எளிது. உதாரணத்துக்குச் சில எண்கள், ஒரு மி.மீ. அகலத்துக்கு நியூட்டனில் இழுவிசை, இரண்டு காயும் நேரத்துக்கும் சேர்த்துச் சராசரி: 55 டிகிரி, 5 நொடி என்றால் 3.4; 55 டிகிரி, 20 நொடி என்றால் 2.2; 65 டிகிரி, 5 நொடி என்றால் 4.2; 65 டிகிரி, 20 நொடி என்றால் 4.0. சூட்டின் பலன்: 65-இன் சராசரி 4.1-லிருந்து 55-இன் சராசரி 2.8 கழித்தால் 1.3. தாமதத்தின் பலன் 0.7 குறைவு. விஷயம் அதற்கு அடியில் இருக்கிறது: 55-இல் தாமதம் 1.2 தின்கிறது, 65-இல் வெறும் 0.2. அதாவது ஆபரேட்டர் கொஞ்சம் சுணங்கினாலும் 65 டிகிரி தாங்கிக்கொள்ளும். ஆளைத் திட்டுவதைவிட இந்த செட்டிங் மலிவு. அதற்காக 80-க்கு ஏற்றிவிடாதீர்கள். இவிஏ (நுரை பிளாஸ்டிக்) சோல் சுருங்கும், ஃபினிஷ் நிறம் மாறும்.

காயும் நேரத்தைத் தனியாகக் கவனியுங்கள். நம் ஊர் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று முழுக்க ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது படலம் குளிர்ந்து மேலே ஈரம் படியும், தண்ணீர்ப் பசையோ காயவே மறுக்கும். கோடையில் கண்டுபிடித்த 10 நிமிடம் மழைக்காலத்துக்கு உதவாது. அதே எட்டையும் ஒரு மழை வாரத்தில் இன்னொரு முறை ஓட்டி, இரண்டு பருவத்திலும் நிற்கிற செட்டிங்கை எடுங்கள், ஏதோ ஒன்றில் உச்சம் தொடுவதை அல்ல.

பிறகு அந்த செட்டிங்கில் ஒரு டஜன் ஜோடி ஓட்டுங்கள். எட்டு ட்ரையல் காட்டிய எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால், பிரஸ்ஸைச் சேம்பரின் வாய்க்கருகே நகர்த்தி, எடுக்கிறவரே அழுத்தும்படி பெஞ்சை மாற்றிவிடலாம். வரவில்லையென்றால் நான்காவது காரணி ஒன்று ஒளிந்திருக்கிறது. முதலில் ரஃபிங் பிரஷ்ஷின் தேய்மானத்தைப் பாருங்கள்.